நசீமாவின் பட்டன் டயர்

கைபேசியில் நசீமாவின் பெயரைப் பார்த்ததும் எடுத்தேன். ஹலோகூடச் சொல்லாமல் திட்ட ஆரம்பித்துவிட்டேன். "எங்கம்மா இருக்க? உன் மேசையில வேலை மலையாக் குவிஞ்சு கிடக்கு. எத்தனை தடவை கூப்பிடறது? ஒரு போன் எடுத்தா கொறஞ்சா போயிடுவ?" மூச்சு வாங்க நான் நிறுத்தியபோது மறுபக்கம் ஓர் ஆண்குரல் வந்தது. "சேஷு அண்ணே, நான் ரஃபீக் பேசறேன்." நசீமாவின் தம்பி. "அக்கா எழுந்திருக்கவே இல்லண்ணே. காலைத் தொழுகைக்கு எழுப்பப் போனோம். தூக்கத்துலயே..." நான் கையில் வைத்திருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். செத்துப்போனவளைத் திட்டிவிட்டேனே என்று அன்று முழுக்க மனசு ஆறவில்லை. இப்போது யோசித்தால், உயிரோடு இருந்திருந்தால் அவள் அதற்குப் பதிலாக என்னை இரண்டு மடங்கு திட்டியிருப்பாள், கணக்கு நேராகியிருக்கும்.

'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை என்று எனக்குத் தெரியும். நசீமாவை அப்படி எழுதினால், "இன்னா அய்யரே, செத்தவுடனே மரியாதை ஜாஸ்தியாகீதே?" என்று கேட்பாள். அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன். அவளை அறிந்த லேப் நண்பர்களும் எங்களுக்கு வேலை அனுப்பும் அடையாறு பல் டாக்டரம்மாவும் மன்னிக்க வேண்டும்.

எங்களுடையது பல் லேப். தி.நகரில் துணிக்கடைகளுக்குப் பின்பக்கத்துச் சந்தில், மாடியில் இருக்கிறது. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் வார்த்தால் ஈறும் தாடையும் அப்படியே வரும். நான் அதன் மேல் மெழுகில் பற்களை அடுக்குவேன். நசீமா அந்த மெழுகுக்குப் பதிலாக ரோஸ் நிறப் பிளாஸ்டிக்கை வார்த்து, தேய்த்து, மெருகேற்றிப் பெட்டியில் வைப்பாள். பக்கத்துப் பக்கத்து மேசைகள். ஒருவர் தலை நரைப்பதை இன்னொருவர் பார்த்துக்கொண்டே வேலை செய்தோம். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வாய்க்குச் சொந்தக்காரர் யார் என்று லேப்காரருக்குத் தெரியாது. பெட்டி போய்விட்டால் நம் வேலை முடிந்தது. எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. நசீமாவுக்கு அது தொண்டையில் சிக்கிய முள்.

அலமாரியில் ஒரு பிளாஸ்டர் அச்சு மாதக்கணக்கில் கிடந்தது. மேல் ஈறில் ஒரு பல்கூட இல்லை. கீழே ஒன்றிரண்டு மட்டும் நின்றன. ஒருநாள் தூசி தட்டும்போது நசீமா அதைக் கையில் எடுத்தாள். "சேஷு, இந்த வாய் யாருது? டெய்லி பொக்கையா என்னையே பாத்துக்கினு கீது."

அடையாற்றுக் கரையோரக் குடிசைப் பகுதியில் டாக்டரம்மா நடத்திய இலவச முகாமில் எடுத்த அச்சு அது. அளவு எடுத்த சில வாரங்களிலேயே அந்தக் குடிசைகளை எடுத்துவிட்டு, சனங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடி பிளாக்குகளுக்கு அனுப்பிவிட்டார்கள். அச்சுக்குச் சொந்தக்காரி எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. "விடு நசீமா, அவாளே வருவா" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடப் போய்விட்டாள்.

நசீமாவுக்குச் சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்து இடது கால் கட்டையாகப் போயிற்று. நடக்கும்போது ஒரு பக்கம் சாய்வாள். பைக்கில் உட்கார்ந்துவிட்டால் சாய்வு தெரியாது. "நடந்தா நான் நொண்டி. வண்டில ஏறிட்டா நீதான் நொண்டி" என்பாள். உண்மைதான். நான் இருபுறமும் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு மொபெட் ஓட்டுகிற ஆள். அவளுடையது ஆபீஸ் போகிறவர்கள் ஓட்டும் சாதாரண வண்டி. மெலிந்த டயர், பளபளக்கும் மட்கார்டு.

பிளாக் பிளாக்காக விசாரித்துக் கண்டுபிடித்தும்விட்டாள். அந்த வாய்க்குச் சொந்தக்காரி அஞ்சலை. பிளாக் வாசலில் ஆப்பக்கடை போட்டிருந்தார். திங்கட்கிழமை நசீமா அவர் பேசியதை அப்படியே நடித்துக் காட்டினாள். "தையில எம்பொண்ணுக்குக் கண்ணாலம்மா. பொண்ணு பாக்க வந்தப்பவே முந்தானையால வாய மூடிக்கினுதான் ஒக்காந்திருந்தேன். கண்ணாலத்தன்னிக்கும் மூடிக்கினு நிக்க சொல்றியா? நான் பெத்த பொண்ணு, நான் சிரிக்க வாணாமா?" சொல்லி முடித்துவிட்டு நசீமா தன் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தைக்குள்ள அந்தம்மா வாயில பல்லு இருக்கணும் சேஷு. அவ்ளோதான்."

அவ்வளவுதானா? பழைய அச்சு உதவாது. இத்தனை மாதத்தில் ஈறு சுருங்கியிருக்கும். புதிதாக அளவு, பிறகு தாடைகள் சேரும் கடியைப் பார்க்க, பிறகு மெழுகுப் பல்லை வாயில் வைத்துப் பார்க்க, கடைசியில் செட்டை மாட்ட என்று திரும்பத் திரும்ப அடையாறு கிளினிக்கிற்கு வர வேண்டும். டாக்டரம்மா இலவச வேலைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் உட்காருவார். அஞ்சலைக்கோ ஞாயிறு காலைதான் வியாபாரம். அது முடிந்து, சாயங்காலம் தண்ணீர் லாரி வருவதற்குள் வீட்டில் இருந்தாக வேண்டும். பஸ் மாறி மாறி வந்தால் அதற்குள் திரும்ப முடியாது. மெயின் ரோட்டிலிருந்து பிளாக் வரை குழாய் பதிக்கத் தோண்டிப் போட்ட பாதை, ஐப்பசி மழையில் களிமண் குழம்பாகக் கிடந்தது. ஆட்டோக்காரர்கள் உள்ளே வர மாட்டோம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். அஞ்சலைக்கு முட்டி வலி. நசீமாவுக்குக் கால். இரண்டு பேருமே அந்தச் சேற்றில் நடக்கக்கூடியவர்கள் இல்லை.

"நான் வண்டில இட்டாறேன்" என்று நசீமா கிளம்பினாள். முதல் ஞாயிற்றுக்கிழமை பிளாக்கிலிருந்து கொஞ்ச தூரம்கூட வரவில்லை. பின்சக்கரம் இப்படி ஒரு வழுக்கு, அப்படி ஒரு வழுக்கு, இரண்டு பேரும் பொத்தென்று சேற்றில் உட்கார்ந்தார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், அன்று சறுக்கியது மெலிந்த டயர். நசீமா பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தால், அஞ்சலை தலையெல்லாம் சேறாக உட்கார்ந்துகொண்டு சொன்னாராம்: "நல்லா இருக்குது பாயம்மா. பல்லு வெக்கிறேன்னு இட்டாந்து, கீற ஒண்ணு ரெண்டையும் ஒடச்சிடுவ போலகீதே!" இரண்டு பேரும் சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தார்களாம். இதைச் சொல்லும்போதும் நசீமாவுக்கு வயிறு குலுங்கச் சிரிப்பு.

"போதும். வேற வழி பாக்கலாம்" என்றேன். அவள் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். கட்டை கட்டையாகப் பற்கள் துருத்திய டயர். தார் ரோட்டிலும் ஓடும், சேற்றிலும் ஓடும் என்று விற்கிற ரகம். நம் ஊரில் பட்டன் டயர் என்போம். அவள் அதை வெகுநாளாகப் பார்த்துப் பார்த்து ஏங்கியிருக்கிறாள். "பாதி அஞ்சலைக்காக, பாதி எனக்காக. பொய் சொல்ல மாட்டேன். எனக்கு இது மாட்டிப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை."

"கடையில குடு, மாட்டித் தருவான்."

"கேட்டேன். இந்த வண்டிக்கு இது பொருந்தாது, ஒரசும்ன்றான். பொருந்தாததப் பொருத்துறதுதானே அய்யரே நம்ம பொழப்பு?"

கத்தினேன், அவ்வளவுதான். நான் சுபாவத்தில் பயந்தவன். பயம் வந்தால் குரல் உயரும். நசீமாவுக்கு அது தெரியும், கத்தி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை லேப் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் இரண்டு புது டயர்கள், டயர் நெம்பும் கம்பிகள், காற்றடிக்கும் கால் பம்ப் எல்லாவற்றையும் பரப்பி உட்கார்ந்திருந்தாள். ஆர்வத்தில் நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பழைய டயரைக் கழற்றுவதற்குள்ளேயே கை சிவந்துவிட்டது. புது டயரின் விளிம்பு இரும்பு ரிம்முக்குள் இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. நசீமா மாடிக்குப் போய், பிளாஸ்டரோடு பிளாஸ்டர் ஒட்டாமலிருக்க நாங்கள் பூசும் சோப்புத் தண்ணீரை எடுத்து வந்தாள். அதைப் பூசியதும் டயர் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. நான் நெம்பிய வேகத்தில் டியூபைக் கம்பி கடித்துவிட்டது. டியூபை வெளியே உருவி, ஓட்டை ஒட்டி, பவுடர் தூவி, மறுபடி உள்ளே வைத்தாள். "மெதுவா. வாய் வலிக்கப்போவுது" என்றாள். டயரின் வாயைச் சொன்னாள்.

இனிமேல்தான் நாங்கள் செய்த கூத்து. சக்கரத்தைப் பூட்டிச் சுற்றினால், கடைக்காரன் சொன்ன மாதிரியே ஒரு பக்கத்துப் பட்டன்கள் செயின் கவரில் உரசின. எங்கே உரசுகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. பல் செட்டில் இப்படி இடித்தால் என்ன செய்வோம்? மெல்லிய நீலத்தாளைப் பற்களுக்கு நடுவே வைத்துக் கடிக்கச் சொல்வோம். எங்கே மை ஒட்டுகிறதோ அந்த இடம் தூக்கலாக இருக்கிறது என்று அர்த்தம், அங்கே தேய்ப்போம். நசீமா நீலத்தாளைச் செயின் கவரின் உட்பக்கத்தில் ஒட்டினாள். சக்கரத்தைச் சுற்றினோம். பட்டன்களின் ஓரத்தில் அழகாக நீலப் புள்ளி விழுந்தது. "பாத்தியா!" என்று இருவருக்கும் ஒரே குஷி. மேலிருந்து பல் தேய்க்கும் கை மோட்டாரை நீட்டு வயரில் இறக்கி, நீலப் புள்ளி விழுந்த பட்டனையெல்லாம் தேய்க்க ஆரம்பித்தோம். கைப்பழக்கம். ரப்பர் தூள் மூக்கிலும் தலையிலும் பறந்தது. நான் சுற்ற, அவள் தேய்க்க, ஒரு வரிசையே மொட்டையாகிவிட்டது. வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்து, "இன்னா சாரே, டயருக்கும் பல்லு புடுங்குறீங்களா?" என்று கேட்டார்.

நசீமா மோட்டாரை நிறுத்தினாள். டயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டாள். "யா அல்லா! நாம இன்னா பண்ணிக்கினு கீறோம் சேஷு? மனுஷன் தாடைய தேய்க்க முடியாதுன்னுதானே பல்லைத் தேய்க்கிறோம்? இங்க தாடை வெறும் தகரம்யா! தகரத்த வெட்டாம டயர மொட்டையடிச்சு வெச்சுகீறோமே!" இரண்டு அனுபவசாலிகள், ஒரு புது டயரைச் சொந்தச் செலவில் நாசம் செய்து முடித்திருந்தோம். வெட்கத்தில் நான் வீட்டுக்குக் கிளம்பப் பார்த்தேன். அவள் என் வேட்டியைப் பிடித்து உட்கார வைத்தாள். "ஓடாத. தப்பு எங்கன்னு தெரிஞ்சுபோச்சில்ல, பாதி வேலை முடிஞ்ச மாதிரி."

மறுவாரம் இன்னொரு டயர் வந்தது. செயின் கவரை நெளித்து, ஓரத்தை வெட்டி, முன் மட்கார்டை வாஷர் வைத்து உயர்த்தினோம். நீலத்தாள் வைத்துச் சுற்றினோம். ஒரு புள்ளியும் விழவில்லை. ஆனால் புது டயர் கொஞ்சம் உயரம். நசீமா உட்கார்ந்தால் கட்டைக் கால் தரையில் எட்டவில்லை. நின்றால் வண்டி சாயும். எல்லாம் வீணா என்று நான் வாயைத் திறப்பதற்குள், மொட்டையடித்த டயரிலிருந்து ஒரு துண்டு வெட்டி, தன் இடது செருப்பின் அடியில் வைத்து ஒட்டித் தைத்துக்கொண்டாள். ஊன்றிப் பார்த்தாள். எட்டியது. அன்றிலிருந்து தரையில் நடக்கும்போதும் அவளுடைய சாய்வு குறைந்துவிட்டது. இத்தனை வருடமாக இதைச் செய்துகொள்ளத் தோன்றவில்லையே என்று அவளே ஆச்சரியப்பட்டாள்.

அந்த வண்டி எங்கள் மயிலாப்பூர்த் தெருவுக்குள் வந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். பட்டன் டயர் தார் ரோட்டில் 'உர்ர்ர்' என்று உறுமும். என் மனைவி ஜன்னலைத் திறந்து, "என்னன்னா இது, நம்மாத்து வாசல்ல டிராக்டர் வந்து நிக்கறது?" என்றாள். பிறகு நசீமாவை உள்ளே அழைத்துக் காபி கொடுத்துவிட்டு, தன் முட்டி வலிக்கும் இந்தச் செருப்பு வைத்தியம் ஆகுமா என்று கேட்டாள். இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

டயரிலும் குறை இல்லாமல் இல்லை. அடையாறு பாலத்தில் மழை ஈரத்தில் பிரேக் போட்டவள் ஒரு முழம் வழுக்கியிருக்கிறாள். சேற்றைப் பிடித்துக்கொள்கிற டயர், ஈரத் தாரில் பழைய டயர் அளவு பிடிக்காது. "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்றேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: "ரெண்டுக்கும் ஆவும்னா ரெண்டுலயும் கொஞ்சம் விட்டுக்குடுக்கும்னு அர்த்தம். நம்ம பல்லு செட்டு மட்டும் இன்னா, கரும்பு கடிக்குமா? அதுக்கேத்த மாதிரி நாமதான் பழகணும்." அதன் பிறகு தாரில் மெதுவாகப் போனாள். மெயின் ரோட்டிலிருந்து மண்பாதைக்குத் திரும்பும் இடத்தில் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிக்கொள்வாள், திரும்பி வரும்போது கால் பம்பில் ஏற்றிக்கொள்வாள். கார்த்திகை மழை கொட்டிய வாரங்களிலும் அஞ்சலையைச் சேற்றைக் கடந்து கிளினிக்கில் கொண்டுவந்து சேர்த்தாள். மறுபடி அவர்கள் விழவில்லை.

மெழுகுப் பல்லை வாயில் வைத்துப் பார்க்கும் கட்டம் வந்தது. நான் முன்பற்களை வழக்கம்போல நூல் பிடித்த மாதிரி அடுக்கி வைத்திருந்தேன். என் அடுக்குக்கு டாக்டர்கள் மத்தியில் நல்ல பெயர் உண்டு. நசீமா அதைப் பார்த்துவிட்டு, "மாத்து" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "எதை மாத்தணும்? என்ன குறை இதுல?"

"குறையே இல்ல, அதான் குறை. அந்தப் பொண்ணு வளர்மதிய நான் பாத்தேன். முன்னாடி ஒரு பல்லு பக்கத்துப் பல்லு மேல ஏறிக்கினு இருக்கும். சிரிச்சா அவ்ளோ அழகு. அது ஆத்தாகிட்டருந்து வந்ததுதான், அந்தப் பொண்ணே சொல்லிச்சு. சம்மந்தி வூட்டுக்காரன் மேடைல ரெண்டு பேரையும் பாத்தா ஆத்தாளும் மவளும்னு தெரியணும். நீ இன்னாத்துக்கு ஊரான் பல்ல வெச்சுகீற?"

கோணலாகப் பல் அடுக்கச் சொல்கிறாயே, உனக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது, நாளைக்கு டாக்டரம்மா என்னை என்ன நினைப்பார் என்று லேபே அதிரக் கத்தினேன். அவள் நகரவில்லை. கட்டைக் காலை ஊன்றி என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் மெழுகை உருக்கி, ஒரு பல்லை எடுத்து, பக்கத்துப் பல்லின் மேல் லேசாக ஏற்றி வைத்தேன். "இன்னும் கொஞ்சம்" என்றாள். ஏற்றினேன். "ஆங். இப்ப அஞ்சலை." அவள் அந்தச் சேற்றுக்குள் போயிராவிட்டால், அந்தப் பெண்ணின் சிரிப்பைப் பார்த்திராவிட்டால், நான் என் அழகான வரிசையைத்தான் அனுப்பியிருப்பேன். இதை நம் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் சொல்லிவைக்கிறேன்.

செட்டை மாட்ட வேண்டிய ஞாயிறு மார்கழிக் கடைசியில் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அதை விட்டால் வேறு ஞாயிறு இல்லை. அந்த மாதத்தில் வழக்கமாக வராத மழை முந்தின நாள் முழுக்கக் கொட்டித் தீர்த்திருந்தது. நான் பெட்டியோடு அடையாறு கிளினிக்கில் காத்திருந்தேன். சொன்ன நேரம் தாண்டிற்று. டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். நான் கூப்பிட்டால் நசீமா போனை எடுக்கவில்லை. விழுந்துவிட்டார்கள் என்றே முடிவு கட்டிவிட்டேன். அந்த டயரை, அதை விற்றவனை, அதற்கு உடந்தையாக உட்கார்ந்த என்னை எல்லோரையும் சபித்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். அப்போதுதான் தெருமுனையில் 'உர்ர்ர்' கேட்டது. இரண்டு பேரும் இடுப்புவரை சேறு. "பாதை எங்கன்னே தெர்ல. தண்ணி. குச்சி வெச்சு ஆழம் பாத்துப் பாத்து வந்தோம்" என்றாள். அஞ்சலை இறங்கி, பின்சக்கரத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு உள்ளே போனார்.

டாக்டரம்மா செட்டை மாட்டி, நீலத்தாளை வைத்து, "கடிங்கம்மா" என்றார். தேய்த்தார். மறுபடி கடிக்கச் சொன்னார். பிறகு, மெழுகு வைத்துப் பார்த்த அன்று காட்டாத கண்ணாடியைக் கொடுத்தார். அஞ்சலை அந்தக் கோணல் பல்லைத் தொட்டுப் பார்த்தார். "பாயம்மா, இது என் பல்லு. இது எப்டி ஒனக்குத் தெரியும்?" என்றார். கேட்டுவிட்டு ஓவென்று அழுதார். நசீமா, "அழுவாத, செட்டு நழுவிடும்" என்று அதட்டினாள். அவள் கண்ணும் நிறைந்திருந்தது.

கல்யாணத்துக்கு என் மனைவியோடு போனேன். மேடையில் தாயும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சிரித்தார்கள். முந்தானை தோளில் இருந்த இடத்திலேயே இருந்தது. நசீமா போட்டோவுக்கு ஏற மாட்டேன் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். "அவங்க சிரிக்கிறது இங்கருந்துதான் நல்லாத் தெரீது" என்றாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு பிளாக்கில் வேறு சிலரும் பல் கேட்டார்கள். நசீமா ஞாயிறுதோறும் ஒவ்வொருவராக ஏற்றி வந்தாள். அதற்கு நடுவில்தான் போய்விட்டாள்.

ராயப்பேட்டை வீட்டில் அடக்கத்துக்கு முன்னால் கூட்டம். நான் தகவல் சொல்லி அஞ்சலை மகளோடு வந்திருந்தார். தலையில் அடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். அழுது ஓய்ந்த பிறகு வாசலில் நின்ற என்னிடம் வந்தார். "அய்யரே, எங்க பிளாக்ல அளவு குடுத்துட்டு ஆளுங்க ஒக்காந்துகினு கீறாங்க. இனிமே யாரு வருவா?"

பக்கத்தில் ரஃபீக் நின்றான். வண்டியை யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும், இந்த டயரோடு யார் வாங்குவார்கள், பழைய டயரை மாட்டித்தான் விற்க வேண்டும் என்று கொஞ்ச நேரம் முன்புதான் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியவில்லை. "டயர்ல யாரும் கை வெக்கக்கூடாது" என்று இழவு வீட்டில் கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அஞ்சலையிடம், "நான் வரேன்" என்றேன்.

சொல்லிவிட்டேன், கியர் வண்டி ஓட்டத் தெரியாது. ரஃபீக் தினமும் விடிந்ததும் கோபாலபுரத்து அமைதியான தெருக்களில் கற்றுக்கொடுத்தான். நான் க்ளட்சை விட்டால் வண்டி குதித்து நின்றுவிடும். காலை நடை போகிறவர்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்குன்னா இது?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள். மறுநாள் அவளே தைலத்தை எடுத்து என் முழங்காலில் தடவிவிட்டாள். ரஃபீக் வண்டியை என் பெயருக்கு எழுதித் தருகிறேன் என்றான். வேண்டாம், நசீமா பெயரிலேயே இருக்கட்டும், நீ சாவியைக் கொடு போதும் என்றேன்.

அவளை அறிந்தவர்கள் அவளுடைய ஞாபகமாக எதையெதையோ வைத்திருப்பார்கள். நான் வைத்துக்கொண்டது அவளுடைய ஞாயிற்றுக்கிழமையை. போய்ப் பார்க்காமல் பல் அடுக்குவதில்லை என்ற அவளுடைய பிடிவாதத்தையும். எனக்கு இன்னும் பயம்தான். பயந்துகொண்டே போகலாம் என்று இப்போது தெரிந்திருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாகத் தனியாகப் போனேன். மெயின் ரோட்டில் இறங்கிக் காற்றைக் குறைத்தேன். மண்பாதையில் இரண்டு முறை வண்டி நின்றது, ஒரு முறை கிட்டத்தட்ட விழுந்தேன். பிளாக் வாசலில், அளவு கொடுத்திருந்த ஒரு பெரியவர் சலவைச் சட்டை போட்டு, தலை வாரி, காத்துக்கொண்டிருந்தார். மகன் வீட்டிலிருந்து முந்தின நாள்தான் திரும்பியிருக்கிறார், சேதி அவருக்குத் தெரியவில்லை. டயர் சத்தம் கேட்டுச் சிரித்துக்கொண்டே எழுந்தவர், வண்டியில் என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் பாதையைப் பார்த்தார்.

"அந்தம்மா வர்லியா?"

என்ஜினை அணைத்தால் மறுபடி கிளப்ப முடியாதோ என்று அணைக்கவும் பயம்.

"இல்ல பெரியவரே, இனிமே நான்தான்" என்றேன். "ஏறி ஒக்காருங்கோ. கெட்டியாப் புடிச்சுக்கோங்கோ."